ஆள் உண்டு, ஆளணி இல்லை: அமையத் தொழிலாளர் 19 பேரின் நிரந்தர நியமனக் கோப்பு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தெற்குக் கரையோரத்தில் ஒரு பிரதேச சபை. பெயர் வேண்டாம், உண்மையில் இது ஒரே சபையின் கோப்பும் அல்ல. கல்லடியிலிருந்து பொத்துவில் வரை பல சபைகளில் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்ளும் கோப்புகளை ஒன்றாக்கி வைத்துப் பார்க்கிறோம். ஆட்களின் எண்ணிக்கையும் அவரவர் திகதிகளும் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. சட்டமும் சுற்றறிக்கையும் சம்பளத் திட்டமும் உள்ளபடி.

கோப்பில் இருப்பவர்கள் நாட்கூலிக்கு வேலை செய்யும் அமையத் தொழிலாளர்: ஆண்கள் 11, பெண்கள் 8. எட்டுப் பேர் உழவு மெஷின் பெட்டியில் குப்பை ஏற்றுபவர்கள். நாலு பேர் வடிகான். மூன்று பேர் சந்தையும் பொதுக் கழிப்பறையும். இருவர் தெரு விளக்கு, இருவர் நூலகமும் சபைக் கட்டடமும் கூட்டுபவர்கள். ஒன்பது பேர் 2014 ஒக்டோபருக்கு முன்பே வேலைக்கு வந்தவர்கள். மற்றப் பத்துப் பேர் அதற்குப் பின். சபையில் எல்லாரையும் பொதுவாக 'கெசுவல்' என்பார்கள். கடதாசியில் அப்படி இல்லை. அமைய, தற்காலிக, பதிலீட்டு, ஒப்பந்த, நிவாரண என்று ஐந்து பெயர் உண்டு. ஒருவருக்கே மூன்று வருடத்தில் மூன்று பெயர் மாறியிருக்கும். அந்தப் பெயர்களில் சண்டை பிடிக்கத் தேவையில்லை, நிரந்தரமாக்கும் சுற்றறிக்கை அவற்றையெல்லாம் சேர்த்தே பேசுகிறது. சண்டை வேறு இடத்தில்.

"எங்களை நிரந்தரமாக்கு" என்ற ஒற்றைக் கோரிக்கைக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. இந்த ஆள் தகுதி பெற்றவரா? இவர் இருப்பதற்கு ஒரு பதவி இருக்கிறதா? முதலாவதற்கான சான்று சபைக் கந்தோரின் லாச்சியிலும் களஞ்சிய அறையிலும் கிடக்கும். இரண்டாவதற்கான விடை மாகாண நிர்வாகம் இருக்கும் திருகோணமலையிலும் திறைசேரி இருக்கும் கொழும்பிலும். இந்தக் கோப்பு வருடக்கணக்கில் இழுபட்டதற்குப் பெரிய காரணம், இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஒரே மகஜரில் எழுதியது. மகஜர் போன இடத்திலெல்லாம் "ஆளணி இல்லை", அதாவது அங்கீகரித்த பதவிகளில் இடமில்லை, என்று ஒரு வரி எழுதித் திருப்பினார்கள். அந்த வரி எவ்வளவு சரி என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

177ஆம் நாள்

2014 நவம்பரில் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை 25/2014தான் இந்த விடயத்தில் எல்லாரும் காட்டும் கடதாசி. அந்த வருட வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்பட்ட 2014 ஒக்டோபர் 24ஆம் திகதியன்று 180 நாள் சேவை முடித்திருந்த தற்காலிக, அமைய ஊழியரை நிரந்தரமாக்கச் சொன்னது அது. நம் ஒன்பது பேரும் அன்று வேலையில்தான் இருந்தார்கள். பெயர் போனது மூன்று பேருக்கு மட்டும், அதுவும் ஆளணி இல்லை என்று திரும்பியது. மற்ற ஆறு பேர் பட்டியலிலேயே ஏறவில்லை.

ஒரு பெண் தொழிலாளியின் செக்றோலை, அதாவது வேலை செய்த நாளும் கூலியும் பதியும் பட்டியலை, எடுத்துப் பார்ப்போம். 2014 மார்ச் 1 அன்று தொடக்கம். மார்ச்சில் 31, ஏப்ரலில் 30, மேயில் 31, ஜூனில் 30, ஜூலையில் 31, ஓகஸ்ட் 24 வரை 24. கூட்டினால் 177. அந்த நாளில் எழுதுவினைஞர் கூப்பிட்டுச் சொல்வார்: "அக்கா, ஒரு கிழமை வீட்ட நிண்டுட்டு வாங்க, ஒண்டாம் திகதி புதுசாப் பதியிறம்." செப்டெம்பர் 1இல் புதிய கடிதம். ஒக்டோபர் 24ஆம் திகதி எண்ணினால் 54 நாள்தான். இடைவெளி இல்லாவிட்டால் 238.

இது தற்செயல் அல்ல. 180 என்ற எண்ணைத் தாண்டினால் உரிமை கேட்பார்கள் என்ற பயத்தில் பல கந்தோர்களில் பழகிப்போன கைவேலை. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா மாதிரி குப்பை குவியும் காலத்திலும் மாரி வெள்ளம் வடிகானை அடைக்கும் காலத்திலும் இந்த இடைவெளி விழாது. வேலை தணிந்த பிறகுதான் விழும். அதையே சான்றாக்கலாம். பத்துப் பேரின் இடைவெளிகளை ஒரே தாளில் வரைந்தால் எல்லாம் 170க்கும் 179க்கும் இடையில் விழுந்திருப்பது தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் 'சேவை முறிவு', சேர்த்துப் பார்த்தால் திட்டம்.

அந்த ஏழு நாளும் அவர் உண்மையில் வீட்டில் நின்றாரா என்பது அடுத்த கேள்வி. செக்றோலில் பெயர் இராது. ஆனால் உழவு மெஷினின் அன்றாட ஓட்டம் பதியும் ரன்னிங் சார்ட்டில் அன்றைக்குப் பெட்டியில் ஏறியவர்களின் பெயர் சில இடத்தில் எழுதியிருக்கும். சுகாதார மேற்பார்வையாளரின் குறிப்புப் புத்தகத்தில் எந்த வீதிக்கு யார் என்று இருக்கும். நூலகத்தில் துப்புரவுப் பதிவேடு இருக்கும். நம் கோப்பில் நாலு பேருக்கு இடைவெளி நாட்களின் கூலி அடுத்த மாத வவுச்சரில் 'மேலதிக வேலை' என்று போடப்பட்டிருந்தது. அந்த வவுச்சர் நாலும்தான் கோப்பைத் தூக்கி நிறுத்தியது.

எண்ணும் முறையிலும் ஒரு பொறி உண்டு. சேவைக் காலம் 180 நாள் என்பது நாட்காட்டிக் கணக்கில் ஆறு மாதம். கூலி கொடுத்த நாள் 180 என்று எடுத்தால், மாதம் 26 நாள் வேலை செய்தவருக்கு ஏழு மாதம், 22 நாள் வேலை செய்தவருக்கு எட்டு மாதத்துக்கு மேல். கந்தோர் தனக்கு வசதியானதை எடுக்கும். விண்ணப்பத்தில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொன்று. இணையத்தில் தமிழில் தேடினால் "24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம்" என்று வரும். அது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், அங்குள்ள தொழில் நிறுவனங்களுக்கானது. அந்த 480ஐ மகஜரில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினால், எதிரில் இருக்கும் அலுவலருக்கு மிச்சத்தை வாசிக்காமல் விட ஒரு காரணம் கிடைத்துவிடும்.

ஆளணி

சபையின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில் தொழிலாளர் பதவி 16 என்று வைப்போம். நிரம்பியவை 11. வெற்றிடம் 5. கேட்பவர் 19. ஆக, "ஆளணி இல்லை" என்ற பதில் 14 பேர் விடயத்தில் உண்மை, 5 பேர் விடயத்தில் பொய். ஆளணிக் கடிதத்தைக் கையில் எடுக்கும் வரை இந்த ஐந்து எவருக்கும் தெரியாது. ஓய்வு பெற்றவர், இறந்தவர், இடமாறியவர் என்று வருடத்துக்கு ஒன்றிரண்டு வெற்றிடம் வந்துகொண்டே இருக்கும். அதைச் சபை மேலே அறிவிக்காவிட்டால் காகிதத்தில் எல்லாம் நிரம்பியே இருக்கும்.

புதிய ஆளணிக்கான பாதை நீளமானது. சபையின் தீர்மானமும் செயலாளரின் கடிதமும் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு, அங்கிருந்து மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கு, பிறகு பிரதம செயலாளரின் பக்கம், கடைசியாகத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம். ஏன் இவ்வளவு? அமைய ஊழியருக்குக் கூலி கொடுப்பது சபை தன் சொந்த வருமானத்திலிருந்து. அங்கீகரிக்கப்பட்ட ஆளணிக்குள் போய்விட்டால் அவருடைய சம்பளத்தில் பங்கு மாகாண நிதியிலிருந்து மீளளிக்க வேண்டிவரும், ஓய்வூதியப் பொறுப்பும் ஏறும். எனவே கொழும்பு கேட்பது ஒரு கேள்வி: இந்த வேலைக்கு இத்தனை பேர் ஏன்? அதற்கு "இவர்கள் ஏழைகள், பத்து வருடம் உழைத்தவர்கள்" என்று எழுதினால் எடுபடாது. வீதி நீளம் எவ்வளவு, வடிகான் எத்தனை கிலோமீற்றர், நாளொன்றுக்கு எத்தனை பெட்டி குப்பை, ஒரு பெட்டிக்கு எத்தனை ஆள், சந்தை எத்தனை நாள் கூடுகிறது என்று வேலை அளவு எழுத வேண்டும். முதல் தடவை போன கோரிக்கையில் இந்தப் பக்கமே இல்லை.

வெற்றிடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு நிர்வாகத்தில் இன்னொரு வழி உண்டு: ஆளுக்கேயுரிய பதவி. அவர் இருக்கும்வரை பதவி இருக்கும். ஓய்வு பெற்றதும் பதவியும் இல்லாமல் போகும். சபையின் நிலையான ஆளணி இதனால் அதிகரிக்காது என்பதால் திறைசேரிக்கு இது கொஞ்சம் விழுங்கக்கூடிய மாத்திரை. தொழிற்சங்கம் இதை ஆரம்பத்தில் 'அரைகுறை நியமனம்' என்று மறுத்துவிட்டது. அது தவறு. தொழிலாளியின் சம்பளத்திலோ ஓய்வூதியத்திலோ இதனால் குறைவில்லை. குறைவு அடுத்த தலைமுறைக்கான வேலை வாய்ப்பில்தான், அதற்கு வேறாகப் போராடலாம்.

காலமும் குறுக்கே நின்றது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் மாகாண நிர்வாகம் ஆளுநரின் கையில். 2022இன் பொருளாதார நெருக்கடியோடு அரச ஆட்சேர்ப்பு இறுகிப்போனது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலமும் முடிய, 2025 மே தேர்தல் வரை தீர்மானம் நிறைவேற்றச் சபையே இல்லை. ஆனாலும் 2023இல்தான் நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்களில் 8,000க்கு மேற்பட்ட அமைய, தற்காலிக ஊழியரை நிரந்தரமாக்கும் அமைச்சரவை முடிவு வந்தது. 2014க்குப் பின் வந்த பத்துப் பேருக்கும் கதவு திறந்தது அதில்தான். பட்டியல் உடனே கேட்டார்கள். பதிவு ஒழுங்காக வைத்திருந்த சபைகள் அனுப்பின. மற்றவை கால அவகாசம் கேட்டன.

பட்டியல் கேட்கும் செய்தி ஊருக்குள் கசிந்தால் இன்னொன்று நடக்கும்: புதிய பெயர்கள் முளைக்கும். மூன்று மாதம் தேர்தல் வேலை செய்த பொடியன் ஐந்து வருடத் தொழிலாளியாகிவிடுவான். தமிழ், முஸ்லிம் தொழிலாளர் சேர்ந்து வேலை செய்யும் கல்முனைப் பக்கத்தில் இது இனக் கணக்காகவும் மாறும். முதல் நியமனத் திகதிப்படி ஒரே மூப்புப் பட்டியலைத் தொழிலாளரே தயாரித்து, எல்லாரும் கையொப்பமிட்டு, பிரதியைப் பதிவுத் தபாலில் உதவி ஆணையாளருக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டால் பிறகு பெயர் செருகுவது கடினம்.

கடதாசி சேர்த்த விதம்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இல்லாவிட்டால் இந்தக் கோப்பு இல்லை. சபையின் தகவல் அலுவலருக்கு எழுதியது ஐந்து உருப்படி: குறித்த வருடங்களின் செக்றோல், வரவுப் பதிவேடு, அங்கீகரிக்கப்பட்ட ஆளணிக் கடிதமும் அதில் நிரம்பிய பதவி வெற்றிட விபரமும், ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் அனுப்பிய சந்தா விபரமான சி படிவங்கள், நிரந்தர நியமனத்துக்கென மேலே அனுப்பிய பெயர்ப் பட்டியல் ஒவ்வொன்றினதும் பிரதி. முதல் விண்ணப்பத்தில் "எங்களை ஏன் நிரந்தரமாக்கவில்லை?" என்று கேட்டிருந்தார்கள், அதற்கு வந்தது அரைப்பக்கக் கருத்து. இந்தச் சட்டத்தில் கேட்கவேண்டியது ஆவணம், காரணம் அல்ல.

14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு; அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "பழைய செக்றோல் அழிந்துவிட்டது" என்ற பதில் வந்தால் சட்டத்தின் 7ஆம் பிரிவைக் காட்டலாம்: சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கையில் இருந்த பதிவுகளைக் குறைந்தது 10 வருடம் பேண வேண்டும். அந்தக் கெடு அண்மித்துவிட்டது. 2014ஆம் ஆண்டுச் செக்றோல் தேவைப்படுபவர் ஆறுதலாக இருக்க முடியாது.

வந்த கட்டுகளை ஆளுக்கொரு தாளாகப் பிரித்தபோது 19 பேரும் நாலு கூட்டமானார்கள். 12 பேரின் பதிவு போதுமானது. நாலு பேரின் கூலி தொழிலாளர் தலைப்பில் போகவில்லை: இருவருக்கு வீதிப் பராமரிப்பு வேலைக் கணக்கில், இருவருக்குக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொடுத்த துப்புரவு ஒப்பந்தம் ஊடாக. இருவருக்குப் பெயரும் பிறந்த திகதியும் பொருந்தவில்லை. ஒருவர் வேறு ஆளின் பெயரில் வேலை செய்தவர்.

வேலைக் கணக்கில் போன இருவரையும் மீட்க முடிந்தது, ஏனெனில் பணம் கொடுத்தது சபை, வேலை வாங்கியது சபையின் மேற்பார்வையாளர். தலைப்பு மட்டும்தான் வேறு. சங்க ஒப்பந்தத்தில் போனவர்கள் சிக்கினார்கள். காசோலை சங்கத்தின் பெயரில். சபை "இவர் எங்கள் ஊழியரே அல்ல" என்றது. ஒப்பந்தம் எழுதும்போது சங்கத் தலைவருக்கு இது ஊருக்குச் செய்யும் உதவியாகத்தான் தெரிந்திருக்கும்.

பெயர்ப் பிழை எங்கள் பக்கத்தில் மிகச் சாதாரணம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, 2004 சுனாமியில் வீட்டோடு கடதாசியும் போய், பிறகு பிறப்புப் பதிவு தேடினால் கிடைக்காமல் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தவர்கள் பலர். அடையாள அட்டையில் ஒரு வருடம், உத்தேச வயதில் இன்னொரு வருடம், பாடசாலை விடுகைப் பத்திரத்தில் மூன்றாவது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றில் 'க', ஒன்றில் 'கா'. எழுத்து வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன் "இருவரும் ஒருவரே" என்ற சத்தியக்கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் போதுமாக இருந்தது. பிறந்த வருட வித்தியாசத்துக்குப் போதாது; ஆட்பதிவுத் திணைக்களத்தில் அடையாள அட்டையையே திருத்த வேண்டும். நியமனப் பட்டியல் கேட்ட பிறகு அதைத் தொடங்கினால் பிந்திவிடும்.

சேமலாப நிதி என்ற சாட்சி

நாட்கூலி 1,000 ரூபா, மாதம் 22 நாள் என்று வைப்போம். ஊதியம் 22,000. தொழிலாளியின் 8 வீதம் 1,760. சபையின் 12 வீதம் 2,640. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் 660. மாதம் 5,060 ரூபா. இதை 30 மாதம் கட்டாமல் விட்டால் ஒருவருக்கு 151,800, மிகைக் கட்டணம் தவிர்த்து. தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால் பணம் வரும், அது ஒரு பலன். மற்றப் பலன் இன்னும் பெரியது: நிலுவையை வசூலிக்கும் விசாரணையில் சபை தானே "இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை இவர் எங்களிடம் வேலை செய்தார்" என்று எழுதிக் கொடுக்க வேண்டிவரும். செக்றோல் காணாமல் போன இரு வருடத்துக்கு நம் கோப்பில் ஒரே சாட்சி அந்தக் கடிதம்.

சேமலாப நிதியின் அங்கத்துவ அட்டையான பி அட்டையில் இருக்கும் பெயர் அடையாள அட்டையோடு பொருந்துகிறதா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். ஓய்வூதியத்துடனான நிரந்தரப் பதவிக்குப் போனவுடன் சேமலாப நிதியை மீளப்பெறலாம். அங்கே பெயர்ப் பிழை இருந்தால் பணம் நிற்கும்.

வாசலில் கொட்டில்

ஒரு மறுப்புக் கடிதம் மார்ச் 3இல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். உடனே வேலைக்குப் போகாமல் சபை வாசலில் கொட்டில் போட்டு மறியல் போராட்டம் தொடங்கினார்கள். 40 நாள். அரசியல்வாதிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், வாக்குறுதி தந்தார்கள். ஊரில் குப்பை நாறத் தொடங்க, முதல் கிழமை தேநீர் கொண்டுவந்த கடைக்காரர் மூன்றாம் கிழமை முகத்தைத் திருப்பினார். ஏப்ரல் 12இல் சட்டத்தரணியிடம் போனபோது அவர் முதலில் பார்த்தது கடிதத்தின் திகதியை.

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றம் தரும் காலம் ஒரு மாதம். அது ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிட்டது. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ், விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பஸ் காசோடு முடியும் வேலை. கொட்டில் போடவேண்டாம் என்று சொல்லவில்லை. போடும் அன்றே ஒருவர் முறைப்பாட்டுப் பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

மிஞ்சியது எழுத்தாணை, அதாவது அதிகாரியைத் தன் கடமையைச் செய்யச் சொல்லும் நீதிமன்றக் கட்டளை. உள்ளூராட்சி மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயம் என்பதால் 154பீ(4) உறுப்புரையின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே கேட்கக்கூடியது "என்னை நியமி" என்பதை விட "சுற்றறிக்கைப்படி என் பெயரைப் பரிசீலித்து முடிவு சொல்" என்பது. இரண்டாவதுதான் நிற்கும்.  

மறியல் போராட்டத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. வராத 40 நாளும் செக்றோலில் வராத நாள்தான். புதிதாக 180 எண்ணிக்கொண்டிருந்த இருவருக்கு அது தொடர்ச்சியை வெட்டியது. முறை வைத்து, வேலை நேரம் முடிந்த பிறகு கொட்டிலில் இருந்திருந்தால் இந்த இழப்பு வந்திராது.

கடிதம் வந்த பிறகு

14 பேருக்குக் கடிதம் வந்தது: 5 பேர் வெற்றிடத்தில், 9 பேர் ஆளுக்கேயுரிய பதவியில். கடிதத்தில் பார்க்கவேண்டியது முதலில் செல்லுபடியாகும் திகதி. கடிதம் எழுதிய நாளா, அதற்கு முந்திய நாளா? ஒரு வருடம் முன்னுக்குப் போனால் ஒரு சம்பள ஏற்றம். அரச சேவையின் ஆரம்பத் தரத்துக்கான PL-1 சம்பள அளவின் தொடக்கச் சம்பளம் 2016ஆம் ஆண்டுத் திட்டத்தில் 24,250 ரூபா. 2025 ஏப்ரலிலிருந்து படிப்படியாக அது 40,000 ஆகிறது.

கடிதம் கிடைத்த மாதம் நாட்கூலி நிற்கும். மாதச் சம்பளம் சுயவிபரக் கோவை திறந்து, மருத்துவ அறிக்கை வந்து, கணக்காளர் பிரிவு பெயரை ஏற்றிய பிறகுதான். இரண்டு மூன்று மாதம் கையில் ஒன்றும் இராது. அந்த இடைவெளியில் வட்டிக்காரனிடம் போனவர்களே அதிகம். தொழிற்சங்கத்தில் சிறிய தொகை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தால் இதுதான் அதைச் செலவழிக்கும் நேரம்.

ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும், ஓய்வு வயது 60. 14 பேரில் ஒரு பெண்ணுக்கு நியமனத் திகதியன்று 52 வயது. எட்டு வருடம்தான் மிச்சம். 177ஆம் நாளில் வீட்ட நிண்டுட்டு வரச் சொன்னது இவரைத்தான். 2014இலேயே பெயர் ஏறியிருந்தால் அப்போது வயது நாற்பதுகளின் தொடக்கம், பத்து வருடம் தாராளமாக வந்திருக்கும். செல்லுபடியாகும் திகதியை முன்னுக்குக் கொண்டுபோகும் மேன்முறையீடு அவருக்குச் சம்பளத்துக்காக அல்ல, அந்த இரண்டு வருடத்துக்காக. மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதத்தோடு இணைத்தது மூன்று தாள்: 2014 ஓகஸ்ட் செக்றோல், அதே மாதக் கடைசிக் கிழமையின் ரன்னிங் சார்ட், செப்டெம்பர் 'மேலதிக வேலை' வவுச்சர்.

வெளியே நிற்பவர் ஐவர். சங்க ஒப்பந்தக்காரர் இருவருக்கும் மேற்பார்வையாளரின் குறிப்புப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பிறந்த வருடப் பிழைக்காரர் இருவரின் அடையாள அட்டைத் திருத்தம் நடக்கிறது. மற்றவர், சுகமில்லாத தமையனுக்குப் பதிலாக வந்து, ஆறு வருடம் தமையனின் பெயரிலேயே கையொப்பமிட்டுக் கூலி எடுத்தவர். அவருடைய நாட்களை எல்லாம் செக்றோல் தமையனுக்கே கொடுத்திருக்கிறது. இப்போது அவர் தன் சொந்தப் பெயரில் பதிந்து, முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் செக்றோலில் தன் வரியைத் தொலைபேசியில் படம் எடுத்து வைக்கிறார்.